பைப்பில் கட்டிய எர்த்து

என் வீட்டுக்காரர் பாண்டியனுக்குப் பொய் சொல்ல வராது. இதைக் கேட்டுவிட்டு யாராவது என்னைக் கொடுத்துவைத்தவள் என்று சொன்னால் வாயில் நன்றாக வந்துவிடும். கட்டிக்கொண்டு வாழ்ந்து பார்த்தால் தெரியும் அந்தக் கஷ்டம். கல்யாணமான புதிதில் நான் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என் அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே புளி ஜாஸ்தி, உப்பு இல்லை என்றார். கேட்டதற்குத்தானே சொன்னேன் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

உத்திரமேரூரில் ரைஸ் மில்லில் வேலை. வேலை விட்டு வந்தால், நெல் மூட்டை அடுக்கக் கட்டிய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அங்கே ஒரு மூட்டை நெல் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் பழசாகப் பிடித்துவந்த ஆஸிலோஸ்கோப், மல்டிமீட்டர், தானே செய்த பவர் சப்ளை பெட்டி, வயிற்றைக் கிழித்துப் போட்ட ரேடியோக்கள். ஆஸிலோஸ்கோப் திரையில் கரண்டின் ஏற்ற இறக்கம் ஒரு பச்சைக் கோடாக நெளியும். அதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பை என்னைப் பார்த்து ஒரு நாள் சிரித்திருந்தால் நான் ஏன் இப்படிப் பேசப்போகிறேன்? இதனால் என்ன லாபம் என்று கேட்டால், சும்மா கத்துக்கிறேன் என்பார். தலைமயிர் நரைத்த பிறகு என்ன கற்றுக்கொள்வதோ.

வீடு ஒன்றுதான், நடுவில் சுவர். அந்தப் பக்கம் அவர் அண்ணன் தாண்டவராயனும் அண்ணி பாஞ்சாலியும். பாகம் பிரித்தபோது போர்வெல் அவர்கள் பக்கம் போய்விட்டது. அங்கிருந்து ஒரு இரும்புப் பைப் சுவரைத் துளைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வரும். எங்களுக்குத் தண்ணீர் அது ஒன்றுதான். அந்தப் பைப்பைச் சொல்லிக் காட்டாமல் பாஞ்சாலிக்குச் சோறு இறங்காது. அறுத்துவிட ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்துக் கிடந்தாள்.

சாக்கு கிடைத்தது. ஒரு நாள் காலையில் அவள் பக்கத்துக் குழாயைத் தொட்டவள் அலறிக்கொண்டு விழுந்தாள். முழங்கை கல்லில் மோதி வீங்கிவிட்டது. எழுந்த கையோடு தெருவுக்கு வந்து, பாண்டியன் வைத்திருக்கிற பெட்டிகள்தான் ஷாக் அடித்துவிட்டன என்று கூச்சல் போட்டாள். தெருவே கூடிவிட்டது. கரண்ட் எங்கள் அறையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே பைப்பை அறுத்துவிடுவதாகத் தாண்டவராயன் ரம்பத்தோடு நின்றார்.

எனக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டால் ஆகாது. பாஞ்சாலியைக் கண்டால் அதைவிட ஆகாது. இதெல்லாம் ஷாக் அடிக்காதா என்று அவரிடம் எப்போதோ கேட்டிருக்கிறேன். எர்த்து கொடுத்திருக்கிறேன், கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போய்விடும், ஒன்றும் ஆகாது என்றார். பொய் சொல்லாத வாய் ஆயிற்றே என்று நம்பினேன். உள்ளே போய்ச் சூடம் எடுத்துவந்து வாசல் கல்லில் கொளுத்தி, எங்கள் அறையிலிருந்து கரண்ட் வரவில்லை என்று எல்லாரும் கேட்கச் சத்தியம் செய்து, உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். தோல் பொசுங்கியது. பாஞ்சாலி முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் அந்த எரிச்சல்கூடத் தெரியவில்லை.

தாண்டவராயன் விடவில்லை. "சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும்மா. டேய் பாண்டி, நீயே மீட்டர் வெச்சுப் பாத்துச் சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கிறேன்."

ஷாக்குக்குப் பயந்து எல்லாரும் எட்டவே நின்றார்கள். நான் மட்டும் அவர் பக்கத்தில். மீட்டரின் ஒரு முனையைப் பைப்பிலும், இன்னொன்றை ஈர மண்ணில் குத்திய கம்பியிலும் வைத்தார். நூற்றுப் பத்து வோல்ட். அறைக்குள் போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து மறுபடி வைத்தார். சைபர். இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் அதைப் படிக்க எனக்கும் தெரியும்.

"சைபருன்னு சொல்லுய்யா," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "என்னுதுதாண்ணா. நூத்திப் பத்து வருது. பவர் சப்ளை பெட்டி லீக் ஆவுது. எர்த்து ஒயரை இந்தப் பைப்புலதான் கட்டி வெச்சிகீறேன்."

எங்கள் தெருவில் எர்த்துக்கென்று தனியாகக் குழி தோண்டியவர் யார்? பைப்பில் ஒரு ஒயரைச் சுற்றிவிட்டால் அதுதான் எர்த்து. பைப் இரும்பாகவே மண்ணுக்குள் இறங்கியவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. போன கோடையில் மண்ணுக்குள் போகிற இரும்புத் துண்டைப் பிடுங்கிவிட்டுத் தாண்டவராயன் பிளாஸ்டிக் போட்டார். அப்புறம் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் பைப்பிலேயே நின்றுவிட்டது. அதையாவது அண்ணன் தலையில் கட்டியிருக்கலாம். பைப் மாற்றியபோதே தான் பார்த்திருக்க வேண்டும் என்று அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார் மகராசன்.

கண் எதிரிலேயே பைப்பை அறுத்தார்கள். பாஞ்சாலி என் கையைப் பார்த்து, "நல்ல சூடத்தை வேஸ்ட் பண்ணிட்டியே அம்முலு," என்றாள். தெருவே சிரித்தது.

வீட்டுக்குள் வந்து பிடித்துக்கொண்டேன். "சைபர்னு சொல்லிட்டு, அப்பால சத்தமில்லாம அந்த ஒயரை அவுத்து வுட்டிருந்தா இன்னாய்யா? எவனுக்குத் தெரியும்?"

உண்மையிலேயே யோசித்தார். அப்படி ஒரு வழி இருந்ததே அவருக்குத் தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மீட்டர்ல அப்டி வரலியேமே," என்றார்.

அதற்கப்புறம் பவர் சப்ளையைப் பிரித்துப் போட்டார். கரியும் உப்பும் கொட்டித் தனியாக எர்த்துக் குழி தோண்டினார். யாருக்கு வேண்டும்? தண்ணீர் போனது போனதுதான்.

பாஞ்சாலிக்கு இன்னும் பயம் தெளியவில்லை. பைப்பை அறுத்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று தாண்டவராயன் குழாயைக் கையால் பிடித்துக் காட்டினாலும் தொடமாட்டாளாம். தம்பி வந்து சொன்னால்தான் தொடுவாளாம். காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தம்பி தம்பி என்று குரல் வரும். கூப்பிட வெட்கமில்லை அவளுக்கு. போக ரோஷமில்லை இவருக்கு. மில்லுக்குக் கிளம்புகிறவர் மீட்டரை எடுத்துக்கொண்டு போவார்.

"ஒண்ணுமில்ல அண்ணி, புடிங்க."

அவள் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் சூடம் சுட்ட கையில் என் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்கு நடப்பேன்.