மொய் நோட்டைக் காட்டியதால் போன வேலை

இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் இலுப்பூர்க் கடைத்தெருவில் என் கடலை மண்டி முன்னால் நிற்காத வண்டி கிடையாது. மூட்டை தூக்கிய தோளில்தான் துண்டு போட்டேன். எந்த வட்டிக்காரன் வாசலுக்கும் போனதில்லை. இதையெல்லாம் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்வேன். தலைகுனிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு, அது என் தம்பியின் வேலை போன கதை.

மண்டி வைக்க முதல் கிடைத்தது மொய்யில்தான். எங்கள் பக்கம் விசேஷம் வைத்தால் சொந்தபந்தம் மொய் எழுதும். நோட்டில் பெயர், ஊர், தொகை ஏறும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். என் பெயரில் கல்யாணம், பிள்ளைகளின் காதுகுத்து எல்லாம் முடிந்துவிட்டதால், மண்டி கட்டியபோது தம்பி பெயரில் மொய் விருந்து என்று பத்திரிகை அடித்தேன். அவன் பந்தலில் உட்கார்ந்து கும்பிட்டான். பணம் என் பெட்டிக்கு வந்தது.

தம்பி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், டைப் அடிப்பான். அறுபதுகளின் தொடக்கத்தில், பட்டாளத்து ஆபீஸ் ஒன்றில் ரகசியத் தந்தி பார்க்கும் வேலைக்குத் தேர்வானான். போலீஸ் விசாரித்து, இவன் நம்பத் தகுந்தவன் என்று எழுதினால்தான் உத்தரவு வரும். நிரப்பச் சொல்லி வந்த பாரத்தில் கடன் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, மொய் இருக்கே?"

"மொய்யப் போயி எவன்டா கடன்னு சொல்லுவான்? இல்லைன்னு எழுது."

எழுதினான்.

ஒரு மாதம் கழித்து மண்டிக்கு ஓர் ஆள் வந்தார். சட்டை வேட்டிதான், ஆனால் நிற்கிற நிலையிலேயே போலீஸ் என்று தெரிந்தது. வேறு ஜில்லாக்காரர், எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர். சோடா வாங்கிக் கொடுத்தேன். குடும்பத்துக்கு ஊரில் மதிப்பு எப்படி என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி போதும், எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. பெட்டியைத் திறந்து மொய் நோட்டை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். மணமேல்குடியிலிருந்தெல்லாம் ஆள் வந்து எழுதியிருக்கிறார்கள், இருநூறு குடும்பத்துக்கு மேல், பாருங்கள் என்றேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இதெல்லாம் திருப்பிக் கொடுக்கணுமா?"

"கொடுக்காம? கொடுக்கலைன்னா எங்கூர்ல அவன் மனுசனே இல்லங்க."

"யார் பேர்ல இருக்கு?"

"தம்பி பேர்லதான்," என்றேன், அவனுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு.

அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து வந்தது உத்தரவு அல்ல, விளக்கம் கேட்டு ஒரு கடிதம். இருநூற்றுச் சொச்சம் பேரிடம் கடன் வைத்திருந்தும் பாரத்தில் இல்லை என்று எழுதியது ஏன் என்று கேட்டிருந்தது. தம்பி அதைப் படித்துத் தமிழில் சொன்னான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் சும்மா இருக்கிற ஆளா? கிணற்றடி வயலை விற்றேன். மொய் எழுதிய ஒவ்வொரு வீட்டிலும் பணத்தை வைத்து, பெற்றுக்கொண்டதாகச் சீட்டில் கைநாட்டு வாங்கினேன். விசேஷம் இல்லாத வீட்டில் மொய்யைத் திருப்பிக் கொடுத்தால் உறவை முறிக்கிறோம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனேன். தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டால் எல்லாரையும் சமாதானப்படுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காரணத்தைச் சொன்னாலும் யாரும் நம்பவில்லை. எங்கள் சித்தப்பா பணத்தைத் தொடவே இல்லை.

"எம் பேத்திக்கு இன்னும் சடங்கே வைக்கல. அதுக்குள்ள கணக்கத் தீக்க வந்துட்ட. எஞ் சாவுக்காச்சும் வருவியா, இல்ல அதுக்கும் இப்பவே தீத்துட்டுப் போறியா?"

கைநாட்டை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சீட்டுக் கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் திருச்சிக்குப் பஸ் ஏறினோம். ஜில்லா ஆபீஸ் அப்போது அங்கேதான். அதிகாரி நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். சீட்டுகளைப் பார்த்தார், எண்ணவில்லை. கடன்பட்டவனை வெளியாள் பணம் காட்டி வளைத்துவிடலாம் என்பதால்தான் அந்தக் கட்டம் என்று விளக்கினார். மொய் என்றால் என்ன என்று நான் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"கடன் இருக்குன்னு எழுதியிருந்தா ஒருவேளை விட்டிருப்பாங்க தம்பி. இப்ப அது அடைஞ்சிருச்சு, சரி. இல்லைன்னு எழுதினதை எப்படி அடைப்பீங்க?"

எழுதச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். கையெழுத்து உங்கள் தம்பியுடையது என்றார்.

மறுநாள் காலையில் தம்பி மண்டிக்கு வந்து தராசுப் பக்கம் நின்றான். நான் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் அவன் பாரம் போடவில்லை. போட்டால் இந்தக் கேஸைக் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டான்.

மூன்று வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம் வைத்தேன். மொய்யைத் திருப்பிக் கொடுத்த வீடுகளிலெல்லாம் ஏறி வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டேன். வாங்கிக்கொண்டார்கள். முந்நூறு இலைக்குச் சமைத்தோம். பெண் வீட்டார் சாப்பிட்டார்கள், மண்டிக் கூலியாட்கள் சாப்பிட்டார்கள். மொய் எழுத உட்கார வைத்த ஆள், நோட்டை மூடிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால் குழி வெட்டிச் சோற்றைக் கொட்டினேன். மாலையோடு வந்த தம்பி, அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துச் சாய்த்தான்.