திரும்பிப் பார்க்காத ஐந்து கிலோமீட்டர்

சில வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. இடம், ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற பக்கம், வெளிவட்டச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு.

எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். மனைவி ஊரில் பள்ளி ஆசிரியை. முதலில் மாறுதல் கிடைக்கவில்லை, பிறகு பையன் படிப்பு, பிறகு மாமியாரின் உடம்பு என்று ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருந்ததில், திருமுல்லைவாயலில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் நான் தனியாக இருக்க ஆரம்பித்து அப்போதே ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

வார நாட்கள் எப்படியோ போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். எதிர் வீட்டில் குக்கர் விசில் கேட்கும். மேல் வீட்டில் குழந்தைகள் தடதடவென்று ஓடுவது கேட்கும். சாயங்காலம் கடைக்குப் போய் அரை லிட்டர் பால் கேட்கும்போதுதான், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது உறைக்கும். வீட்டை விட்டு வெளியே இருந்தால் போதும் என்றுதான் ஓட ஆரம்பித்தேன். அது மெல்ல மெல்ல வளர்ந்து முழு மாரத்தான் வரைக்கும் வந்துவிட்டது.

நாற்பத்திரண்டு கிலோமீட்டரை அதற்கு முன் இரண்டு தடவை ஓடியிருந்தேன். என் சிறந்த நேரம் நாலு மணி முப்பத்தேழு நிமிடம். இந்தத் தடவை நாலரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்காக ஆறு மாதம் பரோட்டாவைத் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு முன்பே ஒரு கல்லூரி மைதானத்திலிருந்து கிளம்பினோம். பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான் கூட்டம். முழுத் தூரம் ஓடுபவர்கள் கொஞ்சம் பேர்தான், பாதி வழியில் அவர்களும் சிதறிவிட்டார்கள். இருபதாவது கிலோமீட்டருக்கு மேல் என்னோடு இருந்தது நீலச் சட்டை போட்ட ஒரு இளைஞர் மட்டும்தான். முப்பது வயது இருக்கும். கொஞ்ச தூரம் அவர் முன்னால் போவார், கொஞ்ச தூரம் நான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் வைத்திருந்த ஒரு மேஜையில் மட்டும், அவர் இரண்டு டம்ளர் எடுத்து ஒன்றை என் பக்கம் நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு ஓடினேன்.

முப்பத்தேழாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும், முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரோட்டோரக் கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் வந்ததும் கையைத் தூக்கினார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணா. கால் புடிச்சுக்கிச்சு. நீட்ட முடியல."

நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதே வேகத்தில் போனால் நாலு மணி இருபத்தொன்பது. நின்றால் போச்சு.

"பின்னாடியே வண்டியில வாலண்டியர் வர்றாங்க தம்பி" என்றேன். நிற்காமலே சொன்னேன். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. அது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் தண்ணீர் கொடுப்பவர்கள் இருந்தார்கள். அவர்களிடமாவது சொல்லியிருக்கலாம். மூச்சு வாங்குகிறது, முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

நாலு மணி இருபத்தொன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி. என் வாழ்க்கையிலேயே வேகமான ஓட்டம். கழுத்தில் மெடலைப் போட்ட கல்லூரிப் பெண், "அங்கிள், ஃபேமிலி வந்திருந்தா கூப்பிடுங்க, சேர்ந்து போட்டோ எடுத்துடலாம்" என்றது. யாரும் வரவில்லை என்றேன். சுற்றிலும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். மனைவிக்கு போன் செய்தேன். ஒரு கல்யாண வீட்டில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. ஊரில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எத்தனாவதா வந்தடா?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே. என்னோட பழைய டைமை விட எட்டு நிமிஷம் கம்மி."

"அப்ப பிரைஸ் கிடையாதா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போனை வைத்ததும் அந்த மைதானத்தில் என்னைப் போலத் தனி ஆள் யாருமில்லை என்று தோன்றியது. அடுத்த நொடியே நீலச் சட்டை ஞாபகம் வந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். அவர் வரவில்லை.

மருத்துவ உதவிக் கூடாரத்தில் போய்ச் சொன்னேன். அவருடைய ஓட்ட எண் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது சட்டையின் நிறம் மட்டும்தான். வண்டி ஒரு சுற்று போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். காத்திருக்க முடியாமல் வெளியே வந்து ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

ஓட்டுநர் என் மெடலைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இப்பதான ஓடி முட்ச்ச? மறுபடியும் அங்கியே போற, எதுனா உட்டுட்டு வந்துட்டியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அந்த இளைஞர் விழுந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உயிர் வந்தது எனக்கு. கடைக்கார அம்மா, முழங்காலுக்குக் கீழே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"உங்கூட்டு புள்ளையா சார்?" என்றார் அந்த அம்மா. "வாந்தி வாந்தியா எடுத்துகினு கெடந்துச்சு. நான்தான் கையைப் புடிச்சு இட்டாந்து, உப்பு போட்டு மோர் குடுத்தேன். நான் கடை தொறக்க வர்ற வரைக்கும், ஓடிகினு போன ஒரு ஆளு நிக்கல."

அந்த இளைஞர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முதலில் அவர் கண் என் மெடலுக்குப் போனது.

"டைம் என்னாச்சுண்ணா?"

சொன்னேன்.

"நாலரைக்குள்ளயா! சூப்பர்ண்ணா!" என்று, வலியிலும் முகம் மலர்ந்து கையை நீட்டினார். அன்று முழுவதும் அந்த எண்ணின் அர்த்தம் புரிந்த ஒரே மனிதர் அவர்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பின்னாடி வாலண்டியர் யாரும் வரல. பொய் சொல்லிட்டுப் போயிட்டேன்" என்றேன்.

"தெரியும்ண்ணா" என்றார் சாதாரணமாக. "ஆனா நீங்க போனதும் ரொம்ப பயமா இருந்துச்சு. ரோட்ல யாருமே இல்ல." பிறகு ஷூவின் நாடாவைக் கட்டத் தொடங்கினார். "இப்ப பரவால்ல. நடந்தாவது முடிச்சுடறேன்."

ஆட்டோவில் வரச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். கேட்கவில்லை. அதனால் நானும் அவரோடு நடந்தேன். என் கால்கள் மரக்கட்டையாக இருந்தன. வெயில் ஏறிவிட்டது. அவர் விழுப்புரத்துக்காரர், வேப்பம்பட்டில் ஒரு அறையில் தனியாக இருக்கிறார், அங்கிருந்து மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்கு வருகிறார். ஐந்து கிலோமீட்டரில் இவ்வளவுதான் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டின் அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் நாற்காலிகள் வண்டியில் ஏறிவிட்டன. ஒரு பெட்டியைத் துழாவி அவருக்கு ஒரு மெடல் எடுத்துக் கொடுத்தார்கள். கை தட்டியது நான் ஒருவன்தான். ரயிலுக்கு நேரமாகிறது என்று நொண்டிக்கொண்டே கிளம்பிவிட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் தோன்றியது. பிறகு நடந்த ஓட்டங்களில் தேடிப் பார்த்திருக்கிறேன், கண்ணில் படவில்லை.

அந்த நேரத்தை விட வேகமாக இன்றுவரை நான் ஓடியதில்லை. எனக்கென்று பக்கத்தில் யாருமில்லை என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வருத்தப்பட்டிருக்கிறேன்; வெறிச்சோடிய ரோட்டில் ஒருவர் "அண்ணா" என்று கூப்பிட்டபோது நான் நிற்கவில்லை என்பதும், அந்த வருத்தத்தோடு சேர்ந்தே இப்போது ஞாபகம் வருகிறது.