விமானம் சரிந்ததற்கு நானும் ஒரு வரம்பும் காரணம்

மன்னாரில் நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தமிழ்நாட்டு முகாமிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பிய பிறகு சிங்களம் படித்தேன். படித்து முடித்த நாளிலிருந்து இரண்டு மொழிக்காரரும் ஏசுவதற்கு வசதியான ஆளாகிவிட்டேன்.

போன மாரியில் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் கரையில் சுற்றுலாப் பெயர்ப்பலகை ஒன்றைத் திறந்து வைக்க வரவேண்டியிருந்தது. பலகையில் "சூரியனின் கரை" என்று எழுதியிருந்தது. தெருவால் வருவது தன் தரத்துக்குப் போதாது என்று அவர் நினைத்ததால், ஒரு தனியார் கம்பனி நாலு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானத்தை ஒழுங்கு செய்தது. நான் அந்தக் கிழமை கொழும்பில் நின்றேன். "மிஸ்ஸும் ஏறுங்கள், பேச்சை மொழிபெயர்க்க வேண்டும்" என்றார்கள்.

இறங்க வேண்டிய இடம் உயிலங்குளத்துக்கு அங்கால், வயல்களுக்கு நடுவே கிடந்த பழைய ஓடுபாதை. அதற்குக் கோபுரமும் இல்லை, கந்தோர் என்று ஓர் அறையும் இல்லை. பக்கத்து வயல்காரர் ஒருவர் இருந்தார். விமானம் வருகிற நாளில் அவருக்குப் போன் பண்ணினால் ஓடுபாதையில் நிற்கிற மாடுகளைக் கலைத்துவிடுவார். அந்தப் பக்கத்தின் விமானக் கட்டுப்பாடு அவ்வளவுதான்.

புறப்படுமுன் விமானி என்னிடம் போனைத் தந்து, அங்கே வானம் எப்படி என்று வயல்காரரிடம் கேட்கச் சொன்னார்.

"அண்ணை, அங்க மழையோ?"

"மழையோ? பிள்ளை, எனக்கு என்ர வீட்டுப் படலை தெரியேல்லை. மாடுகளை நான் கலைக்கத் தேவையில்லை, அதுகளே ஓடிட்டுது. இண்டைக்கு வராதேங்கோ."

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன், மாடுகள் உட்பட. விமானியின் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதிகாரி சிரித்தார்.

"விவசாயிக்கு மழை எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். வராதே என்று சொன்னாரா, கவனமாக வா என்று சொன்னாரா?"

"வராதே என்று சொன்னார் சேர்."

"அவர்கள் பேச்சில் இரண்டும் ஒன்றுதான்" என்றார் அதிகாரி. தமிழில் அவருக்குத் தெரிந்தது "வணக்கம்" மட்டும்.

விமானி, "போய்ப் பார்ப்போம், தெரியாவிட்டால் திரும்பிவிடலாம்" என்றார். போய்ப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் திரும்பவில்லை. கீழே எங்கோ பந்தலும் மாலையும் காத்திருக்கின்றன என்று அதிகாரி நினைவூட்டிக்கொண்டே வந்தார். முதல் தடவை தாழ்ந்தபோது வெள்ளைத் துணி தொங்கவிட்ட மாதிரி மழை. இரண்டாம் தடவை ஒரு பனைமரம் யன்னலுக்கு மிக அருகில் வந்து போனது. நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் மதபேதமில்லாமல் கூப்பிட்டேன். மூன்றாம் தடவை சில்லு நிலத்தில் பட்டது. பட்ட பிறகு நிற்கவில்லை. சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடுபாதை முடிந்த இடத்தையும் தாண்டிப்போய், ஒரு வயல் வரம்பில் இடித்து, பச்சை நெல்லுக்குள் மூக்கைக் குத்தி நின்றது.

ஒருவரும் சாகவில்லை. எனக்கு முழங்கையில் அடி. அதிகாரி இருக்கைப் பட்டியில் முன்பக்கமாகத் தொங்கிய நிலையில் முதலில் கேட்டது, "பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார்களா?" என்பதுதான்.

வயல்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து எங்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே எடுத்தார். என்னைக் கண்டதும், "வராதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்" என்றார். அதிகாரி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். "வரவேற்கிறார்" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே பிழையாக மொழிபெயர்த்தது அந்த ஒரு சொல்தான். அதைப் பற்றி விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

விசாரணை மாவட்டச் செயலகமான கச்சேரியில் நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது, தெருவால். விமானி, பயணியின் விருப்பத்தைத் தான் மதித்ததாகச் சொன்னார். அதிகாரி, தான் பயணி மட்டுமே, அதுவும் பெரும்பாலும் நித்திரை என்றார். கம்பனிக்காரர், வானத்தில் முடிவு எடுப்பது விமானி, தரையில் முடிவு எடுப்பது வாடிக்கையாளர், தாங்கள் இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகச் சொன்னார். வானிலை பற்றிப் பேச ஒருவர் வந்து, மழை பெய்யலாம் என்று தாங்கள் அறிவித்தபடியே மழை பெய்தது என்று திருப்தியோடு சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், மொழிபெயர்ப்பாளரும் நான்தான். சாட்சியம் தாய்மொழியில் இருக்கவேண்டும் என்பது விதி என்றார் தலைவர். ஆகவே நான் தமிழில் பதில் சொல்லி, கதிரை மாறி இருந்து, அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

"இந்தச் சாட்சி உண்மை பேசுகிறார் என்று நினைக்கிறீர்களா?" என்று தலைவர் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார்.

"எனக்கு அவரைக் கனகாலமாகத் தெரியும் சேர். நல்ல பிள்ளை."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்தபோது அதில் விமானி திறமைசாலியாக இருந்தார். அதிகாரி துணிச்சல்காரராக இருந்தார். காலநிலை எதிர்பாராததாக இருந்தது. விபத்துக்கான காரணங்கள் இரண்டு: எச்சரிக்கை போதிய அழுத்தத்துடன் மொழிபெயர்க்கப்படாமை; வயல் வரம்பு அளவுக்கு மீறி உறுதியாகக் கட்டப்பட்டிருந்தமை.

நான் உயிலங்குளத்துக்குப் போய் அதை வயல்காரருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப வராதேங்கோ எண்டு சொன்ன நாங்கள் ரெண்டு பேரும்தான் குற்றவாளியள்?"

"ஓம் அண்ணை. உங்கட வரம்பும்."

"அது என்ர அப்பு கட்டின வரம்பு" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவருடைய கவலை வேறு. விமானம் இன்னும் வயலுக்குள்ளேயே நின்றது. அதைத் தொட்டால் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று கம்பனி பயந்தது. விமானத்தின் கீழே பாறிப்போன நெல்லைச் சுற்றி மிச்ச நெல் விளைந்து முற்றியது. நெல் வெட்டுமெசின் வந்தபோது வயல்காரர் பொறுமை இழந்து, மச்சானின் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி விமானத்தை ஓடுபாதை ஓரத்துக்கு இழுத்துவிட்டார். அடுத்த நாள் பொலிஸ் வந்தது. எனக்கு அழைப்பு வந்தது.

"யாருடைய அனுமதியோடு இழுத்தாய் என்று கேளுங்கள்" என்றார் சார்ஜன்ட்.

கேட்டேன்.

"இதுக்கு ஆர் பொறுப்பெண்டு ஐயாவைச் சொல்லச் சொல்லுங்கோ. அவரிட்டயே போய் அனுமதி கேக்கிறன்."

இந்தத் தடவை போதிய அழுத்தத்துடன் மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தான் உள்ளே ஏறி இருந்தால் ஒரு படம் எடுத்துத் தரமுடியுமா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வயல்காரரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றப் பக்கத்தால் ஏறினார்.

"பிள்ளை, என்ர முகமும் விழுகுதோ எண்டு பாருங்கோ."