பின்வரிசை அரிசி

கட்டிலுக்கு அடியில் தலையையும் தோளையும் நுழைத்து, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறார் ஸ்பேர் மாமா. உள்ளே ஒரு மூட்டை முன்னால் நகர்கிற சத்தம், இன்னொன்று பின்னால் போகிற சத்தம், நடுவில் ஒரு தும்மல். அப்புறம் எல்லாச் சத்தமும் நின்றுபோகிறது.

"ஏம்மா, கொஞ்சம் காலைப் புடிச்சு இழு."

அவர் மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வருகிறார். "மாட்டிக்கிட்டீங்களா? ஊர்ல லிஃப்டுக்குள்ள மாட்டினவங்களை எல்லாம் வெளிய எடுக்கிற மனுஷன். உங்களை எடுக்க நான் எந்த நம்பருக்குப் போன் பண்றது?"

"என் நம்பருக்குத்தான். ஆனா வேலையா இருக்கேன், அப்புறம் வர்றேன்னு சொல்லிடுவேன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைப்பையில் எந்தச் சாமானும் ஒற்றையாக இருக்காது. பியூஸ் என்றால் இரண்டு. அந்த இரண்டாவதும் புகைந்துபோனால் என்ன செய்வது என்று மூன்றாவது. "ஸ்பேர் இல்லாம நான் எந்த லிஃப்டையும் தொடமாட்டேன்" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவருக்கு மாமா முறை கொடுத்துத்தான் கூப்பிடுகிறார்கள். தொழிலில் அது நல்ல குணம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குணம் அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அதனால் அவர் வீட்டுக் கதவு பாதிதான் திறக்கும். மறுபாதிக்குப் பின்னால் எண்ணெய் டின்கள். வருகிறவர்கள் உடம்பைத் திருப்பி, மூச்சை இழுத்துக்கொண்டு நுழைய வேண்டும். அவருடைய பெரிய மைத்துனருக்கு நல்ல தாட்டியான உடம்பு. அவர் வந்தால் மாடிப்படியிலேயே நாற்காலி போட்டு, காபியை அங்கேயே கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சோப்புக் கட்டிகள் சட்டை அலமாரியில். "செண்டு செலவு மிச்சம்" என்பார் மாமா. மெழுகுவர்த்திகள் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில். ஊசி நூல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மூட்டையும் அவர் தோளில்தான் நாலாவது மாடிக்கு ஏறுகிறது. மூன்றாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, "இதைக் கட்டினவன் பக்கத்துல என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா, லிஃப்டுக்கே ஸ்பேர் லிஃப்ட் வெச்சிருப்பான்" என்று படிக்கட்டிடம் சொல்லிக்கொள்வார்.

இந்தப் பழக்கம் அவருடைய வம்சத்தில் யாருக்கும் இல்லை. அப்பா, தீப்பெட்டியில் கடைசிக் குச்சி எரிந்த பிறகுதான் அடுத்த தீப்பெட்டிக்குக் கிளம்புகிற ஆள். வழியில் சிநேகிதன் ஒருத்தன் கிடைத்துவிட்டால் அடுப்பு மறுநாள்தான் எரியும். சித்தப்பா அதற்கும் ஒரு படி மேல். அவர் அண்ணன் வீட்டுத் தீப்பெட்டியை நம்பியே குடும்பம் நடத்தினார். அத்தைகள் இரண்டு பேருக்கும் தாராளக் கை, இருப்பதை அள்ளிக் கொடுத்துவிட்டுக் கையை விரிப்பார்கள். கடைசியில் கிண்ணத்தோடு அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டி, "கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" என்று கேட்கிற வேலை, வீட்டுக்குக் கடைக்குட்டியான இவருக்கு வந்து சேர்ந்தது. இவருடைய அக்காவும் அண்ணனும் அதையெல்லாம் மறந்து சிரித்துக்கொண்டு திரிகிறார்கள். இவருக்கு மட்டும் மறக்கவில்லை. "அந்தக் கிண்ணத்தை நான் இன்னும் கீழ வைக்கலை. என்ன, கிண்ணம் இப்ப மூட்டை அளவுக்கு வளந்திருச்சு."

அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக வந்தது பின்வரிசைக்குப் போகும். முன்வரிசையில் இருக்கிற பழையதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பின்வரிசைச் சரக்கு நகர்ந்து நகர்ந்து முன்னால் வருவதற்குள் அதுவும் கிழடுதட்டிவிடுகிறது. ஆக, காசு கொடுத்து நல்ல சாமானாக வாங்கி, அதைப் பக்குவமாகக் கெட வைத்து, அப்புறம் சாப்பிடுகிற குடும்பம் அது.

"பழைய அரிசிதாம்மா ஒசத்தி" என்பார் மாமா.

"பழசுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க. இது எனக்கு மூத்தது. அள்ளும்போது கையெடுத்துக் கும்பிடத் தோணுது."

விருந்தாளிகளுக்குத் தட்டில் பிஸ்கட் வைக்கும்போது மாமாவே முந்திக்கொள்வார்: "கடிக்காதீங்க, மடிங்க. எங்க வீட்டு பிஸ்கட்டை மடிச்சு சட்டைப்பைல வெச்சுக்கலாம்."

இப்படிச் சிரிப்பும் சண்டையுமாக ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது, வாய்க்கசப்பு இறங்கவில்லை. எதை வைத்தாலும் ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவார். மோதிரம் விரலில் நிற்காமல் கழற்றி வைத்தாயிற்று. "மருந்து அதன் வேலையைச் செய்துவிட்டது, இனி உள்ளே ஏதாவது போனால்தான் எழுந்து நடப்பார்கள்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த வாரம் பார்த்து லாரிக்காரர்கள் வண்டியை ஓட்டமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். கடைகளில் அலமாரிகள் பல்லிளித்தன. கட்டடத்தில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: ஸ்பேர் மாமாவுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னார்: "முன்னால இருக்கிற அரிசி ஒரே மக்கல் வாடைங்க, தொண்டைல எறங்க மாட்டேங்குது. பின்னால புதுசு இருக்குல்ல, அதுல ஒரு பிடி போட்டுக் குழைய வடிச்சுக் குடுங்களேன்."

"முன்னாடி இருக்கிறது இன்னும் தீரலையேம்மா."

யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கிற மாதிரி வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததும் அவரே திடுக்கிட்டு, இப்போது ஒரு குத்தல் வரும், வாங்கிக்கொண்டு சிரித்துவிடலாம் என்று காத்திருந்தார். வரவில்லை. அந்த அம்மாள் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் பதில் பேசாத மனைவியை மாமா பார்த்ததே இல்லை. பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

தெருமுனைவரை வரிசை நின்றது. அவருக்கு முன்னால் கீழ்வீட்டுத் தையல்காரி.

"என்ன மாமா, நீங்க இங்க? நாங்கல்லாம் உங்க வீட்டு வாசல்ல வந்து வரிசை கட்டலாம்னு பேசிட்டிருக்கோம்."

"இது சின்னத் தட்டுப்பாடும்மா. பெருசு ஒண்ணு பின்னால வரும். அதுக்குன்னு வெச்சதை இதுக்கு எடுத்துட்டா, அது வர்ற அன்னிக்கு அது மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

வரிசையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தையல்காரி கேட்டாள்: "அக்கா இப்ப தேவலையா?"

"வாய்க்கு எதுவும் புடிக்கலைம்மா. புது அரிசில குழைய சோறு கேக்கிறா. அதான், கொஞ்சம் வாங்கிட்டுப் போலாம்னு."

"ஏன், உங்க வீட்ல புது அரிசி இல்லையா?"

"இருக்கு."

"எங்க?"

"பின்வரிசைல."

தையல்காரி சிரிக்கவில்லை. அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா தன்னைத்தானே கேலி செய்ய நல்லதாக ஒரு வார்த்தை தேடினார். எதற்கெடுத்தாலும் கைவசம் ஒன்று வைத்திருக்கிறவருக்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை. வரிசை இரண்டு அடி நகர்ந்தது. கடைக்காரர் வெளியே வந்து காலிச் சாக்கைத் தலைகீழாக உதறிக்காட்டினார். மாமா அதற்குள் பாதி தெரு கடந்திருந்தார்.

மூன்றாவது மாடியில் அவர் உட்காரவில்லை. அன்றைக்கு வீட்டில் மூட்டைகள் முட்டி மோதுகிற சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது. பின்வரிசை மூட்டையின் தையல் நூலுக்கு நுனி அகப்படாமல் பல்லால் கடித்து இழுத்தார். வெள்ளை வெளேரென்று அரிசி மடியில் கொட்டியது. அதை அளக்கவில்லை. அடுப்பு வேலை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. தண்ணீர் கூடிப்போய்ச் சோறு கூழாகவே வந்துவிட்டது. நோயாளிக்கு அதுவே வாய்ப்பாகப் போயிற்று. உப்பு போட்டு, கரண்டியால் மசித்து, எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். அப்புறம் இன்னொரு வாய். "உப்பு கூடிப்போச்சு" என்றார்.

மாமாவுக்கு உயிர் வந்தது. சமையல்கட்டுக்கு ஓடிப்போய்த் தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். காலையில் வடித்து அந்த அம்மாள் ஒதுக்கித் தள்ளிய சோறு அது. விளிம்பில் ஒரு வண்டைக் கண்டு சுண்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அதை எதுக்குத் திங்கிறீங்க? அதான் இவ்வளவு வடிச்சிருக்கீங்களே."

"யாராவது தீர்க்கணும்ல."

அந்த அம்மாள் தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி புதுச் சோற்றை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். வாய் நிறைய மென்றுகொண்டிருந்த மாமா தலையை ஆட்டினார். கரண்டி இன்னும் கிட்டே வந்தபோது, இடது கையை அகல விரித்துத் தன் தட்டை மூடிக்கொண்டார்.