மயிலாரின் பின்மண்டை

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் தலைமுடியை நீலமாக்கிக்கொண்டால் கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு மயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. நாம் கொஞ்சம் மரியாதை சேர்த்து மயிலார் என்போம்.

முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார் என்று எங்கிருந்து ஃபோன் வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் முதலில் பார்ப்பது அந்தத் தலையைத்தான். ஒருவர் மறுபடியும் உள்ளேயே போய்விடலாமா என்று யோசித்தாராம்.

எல்லாம் ஒரு பந்தயத்தால் வந்த வினை. மனைவி போய் மூன்று வருடம். வீட்டில் அவரும் மகளும் மட்டும். மகள் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, "எனக்குக் கெடச்சா, நான் சொல்ற கலர நீங்க தலையில அடிக்கணும்" என்றாள். கிடைக்கவா போகிறது என்ற தைரியத்தில் இவர் தலையாட்டிவிட்டார். கிடைத்துவிட்டது. கிளம்புகிற நாள் மதியம் சமையலறை ஸ்டூலில் அவரை உட்கார வைத்து, நெற்றியிலும் காதிலும் வாஸ்லின் தடவி, கையுறை மாட்டிக்கொண்டு முடியைப் பகுத்துப் பகுத்துப் பூசினாள். முழுக்க நரைத்த தலை என்பதால் ப்ளீச் வேலையே இல்லை, நீலம் பளிச்சென்று ஏறிக்கொண்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

அந்த நீலம் கழுவக் கழுவப் போகிற ஜாதி. மூன்றாவது வாரம் வெளுத்து, ஐந்தாவது வாரம் பாசி பிடித்த தொட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு தடவையோடு விட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் முகம் பார்த்துப் பேசும்போது, "உங்க தலையப் பாத்தாலே சிரிப்பு வருதுப்பா, அந்த வாரம் பூரா ஓடிடுது" என்றாள் மகள். இது போதாதா ஒரு தகப்பனுக்கு? வெந்நீர் பட்டால் சாயம் இறங்கிவிடும் என்று குளிர்காலத்திலும் பச்சைத் தண்ணீரில்தான் தலைக்குக் குளித்தார். ஷாம்பு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் மனமில்லாமல். கண்டிஷனரில் ஒரு ஸ்பூன் சாயத்தைக் குழைத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டார். தலையணை உறை, துண்டு, சட்டைக் காலர், வேலைக்குப் போடும் ஹெல்மெட்டின் உள்பக்கம் எல்லாம் நீலம். அந்த வீட்டில் நீலத்துக்குப் பேச வாய் மட்டும்தான் இல்லை. இருந்திருந்தால் அவருக்குப் பேச்சுத் துணையாக இருந்திருக்கும்.

ஒரு நாள் மகள் கேட்டாள்: "பின்னாடி எப்படிப்பா போடறீங்க? கை எட்டாதே?"

"கீழ் வீட்டுல ஒரு டெய்லர் குடி வந்திருக்காரு. அவர்தான் போட்டு விடறாரு. நல்ல பொறுமைசாலி."

கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. டெய்லர் அந்த நிமிடம் பிறந்தவர். பிறந்தவரோ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தார். மயிலாரோடு சேர்ந்து டீ குடித்தார், செஸ் ஆடினார், ஆட்டத்தில் கள்ளத்தனமும் பண்ணினார். அவரைப் பற்றிச் சொல்லும்போது மகள் முகத்தில் தெரிகிற நிம்மதிக்காகவே மயிலார் அள்ளி விட்டார். நிஜத்தில் பின்மண்டையைக் குத்துமதிப்பாகத் தடவிக்கொண்டிருந்தார். ஃபோனில் முன்பக்கம்தானே தெரியும்.

போன புதன்கிழமை மகள் கூப்பிட்டாள். வேலையை ஐந்து வருடத்துக்கு நீட்டித் தருகிறார்களாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "ஞாயித்துக்கெழம வரேன்ப்பா. உங்கள நேர்ல பாக்கணும். நீங்க தனியா கெடந்து கஷ்டப்படறீங்கன்னு தெரிஞ்சா, வேணாம்னு எழுதிட்டு வந்துடுவேன்."

மயிலார் ஃபோனை வைத்துவிட்டு யோசித்தார். லேசில் கிடைக்காத வேலை, பெண் உயிரைக் கொடுத்து வாங்கியது. தன் ஒருத்தனுக்காக அதை விட்டுவிட்டு வந்தால், பிறகு எந்த முகத்தோடு அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது?

மறுநாள் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் வேலை. லிஃப்ட்டுக்குள் இரண்டு பக்கமும் புதிதாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கதவைச் சோதித்துவிட்டு நிமிர்ந்தவர் எதிர்க் கண்ணாடியில் யாரோ ஒரு கிழவரின் முதுகைப் பார்த்தார். பின்மண்டையில் அங்கங்கே திட்டுத் திட்டாக வெள்ளை, நடுவில் பச்சை, கழுத்தோரம் ஒன்றுமே இல்லை. ஐயோ பாவம், கவனிக்க ஆளில்லாத ஜென்மம் என்று நினைத்தார். பிறகுதான் அது தானே என்று உறைத்தது.

வெள்ளிக்கிழமை தெருமுனை சலூனுக்குப் போனார். "நீலம் இல்ல சார், கறுப்புன்னா அடிச்சு விடறேன்" என்றான் கடைக்காரன். எழுந்து வந்துவிட்டார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கட்டடத்தில் 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்ற பலகை நின்றது. அன்று ஆபீஸ் லீவு. மாதாந்தர சர்வீஸுக்கும் அதுதான் நாள். சர்வீஸை முடித்துக்கொண்டு, லிஃப்ட்டை ஐந்தாவது மாடியில் சாவி போட்டு நிறுத்தினார். சட்டையைக் கழற்றினார். டப்பாவைத் திறந்து, கையுறை மாட்டி, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நின்று ஆரம்பித்தார். கண்ணாடிக்குள் கண்ணாடி என்றால் சும்மாவா? கை ஒரு பக்கம் போக, பிரஷ் இன்னொரு பக்கம் போயிற்று. இரண்டு தடவை காதுக்கு வர்ணம் அடித்தார்.

தலைக்கு மேல் ஸ்பீக்கர் கரகரத்தது.

"மயிலண்ணே, எடது காதுக்குப் பின்னாடி விட்டுட்டீங்க."

மயிலார் பிரஷ்ஷைக் கீழே போட்டார். மூலையில் கேமரா. அதற்கு ஓட்டை போட்டு ஒயர் இழுத்தவரே அவர்தான். கீழே வாசலில் உட்காரும் செக்யூரிட்டி அம்மாவின் மேசையில் அது தெரியும் என்பதும் தெரியும். முப்பத்தொரு வருட சர்வீஸ்காரர், ஒரு டப்பா சாயத்தில் அத்தனையும் மறந்திருந்தார்.

"அம்மா, கம்பெனிக்குச் சொல்லிடாதீங்க..."

"நான் எதுக்குச் சொல்றேன்? பிரஷ்ஷ எடுங்க. இன்னும் மேல. அதுக்கும் மேல. போதும் போதும், நெத்திக்கே வந்துடப் போறீங்க. இப்ப கழுத்துப் பக்கம்."

இருபது நிமிடம் அந்தக் குரல் சொல்லச் சொல்லப் பூசினார். சமையலறை ஸ்டூலுக்குப் பிறகு தன் தலையைப் பற்றி ஒரு ஆள் இத்தனை அக்கறை காட்டியது அன்றைக்குத்தான்.

"வீட்ல போட்டு விட ஆள் இல்லையாண்ணே?"

"இல்லம்மா." வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு லிஃப்ட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நாளையிலேந்து எனக்கு வேற பில்டிங். இல்லன்னா மாசாமாசம் நானே பாத்துச் சொல்லியிருப்பேன்" என்றாள் அவள். சாயம் ஊற நாற்பது நிமிடம் லிஃப்ட்டுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு அடித்தளத்துக் குழாயில் அலசிக்கொண்டு, அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மகள் மதியம் வந்தாள். இளைத்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "டெய்லர் அங்கிள் எங்க?" என்றாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு. வர பத்து நாள் ஆகுமாம்."

அவள் அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பின்னால் போய் நின்றாள். சின்ன வயதிலிருந்தே எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவாள். முடியை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கழுத்தோரம் பார்த்தாள். மயிலார் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அடிவேர் வரைக்கும் போட்டிருக்காரேப்பா!" என்றாள். "நான்கூட இவ்வளவு நல்லா போடல. உண்மையச் சொல்லட்டுமா? எனக்காகத்தான் அப்படி ஒருத்தர் இருக்காருன்னு சொல்றீங்களோன்னு நெனச்சேன். வழியெல்லாம் அழுதுகிட்டேதான் வந்தேன்."

"லூசு" என்றார் மயிலார்.

முதுகுக்குப் பின்னால் அவள் ஃபோனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "அனுப்பிட்டேன்ப்பா. சரின்னு எழுதிட்டேன். அஞ்சு வருஷம்" என்றாள்.

அவர் நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. நினைத்தது நடந்தவருக்கு நெஞ்சு இப்படி வலிக்கக் கூடாது.

"இந்தப் பக்கம் திரும்புங்கப்பா. சந்தோஷமான்னு மூஞ்சியப் பாக்கணும்."

மயிலார் திரும்பவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

"காதுக்குப் பின்னாடி பாத்தியா?"

"பாத்துட்டேன்ப்பா."

"இன்னொரு தடவ பாரு."