விருந்தாளிக்கு மட்டும் பேட்டரி வண்டி

ஹைதராபாத் கொண்டாப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் கரண்ட் போனதும் கீழே ஜெனரேட்டர் கனைக்கும். அந்த டீசல் புகை படியேறி எங்கள் மாடிக்கு வந்துசேரும்போதெல்லாம் கதவைச் சாத்திவிடுவேன். புகை மட்டும் வந்தால் பரவாயில்லை. கூடவே என் பழைய மேனேஜர் ஒருவரையும் ஞாபகத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது.

என் முதல் வேலை செகந்திராபாத் தாண்டி ஒரு பிஸ்கட் குடோனில். ஜன்னல் கிடையாது, எலி வருமாம். அந்த இருட்டுக்குள் பெட்டி தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் வண்டி நாள் முழுக்க ஓடும். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் மல்லிகா அக்கா மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பிஸ்கட்டிலும் அந்த வாடைதான். இன்றுவரை டீயில் முக்கித் தின்ன எனக்கு மனம் வரவில்லை.

புது ஃபோர்க்லிஃப்ட் வாங்கப் பேச்சு வந்ததும் துள்ளிக் குதித்தேன். குடோனுக்குள் பேட்டரி வண்டி, வெளியே மேடுபள்ளத்துக்கு டீசல் என்று மேலதிகாரிகளுக்குப் படம் போட்டு அரைநாள் பேசினேன். தூக்கம் தாங்காமல்தான் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

வண்டி வந்தது. பூசணிக்காய் உடைத்தோம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். மறுநாள் பார்த்தால் அது சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், தார்ப்பாய் போர்த்தி மூலையில் நின்றது. உள்ளே பழைய டீசலே உறுமியது.

"ஏன் சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"புதுசுப்பா. இவனுங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல கீறிடுவானுங்க. கஸ்டமர் வர்றப்ப எடுத்துக்கலாம்."

கஸ்டமர் வரும் நாளில் டீசலை மதில் பின்னால் ஒளித்து, ஊதுவத்தி கொளுத்தி, பேட்டரி வண்டியை ஓட்டிக் காட்டுவார்கள். நம் வீட்டு ஷோகேஸ் கோப்பைகள் மாதிரிதான், விருந்தாளிக்கென்றே வைத்திருப்போமே! ஆனால் கோப்பை எவர் நுரையீரலையும் தின்பதில்லை.

அக்கா மல்காஜ்கிரி ரயில்வே குடும்பம், வாய் சும்மா இருக்காது; 'ஆமா'வுக்கு ஹைதராபாத் 'ஹவ்'தான் வரும். "ஹவ், எனக்கும் ஒரு பிளாஸ்டிக் மாட்டு தம்பி. நானும் புதுசாவே இருக்கேன்."

ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டி மேலேயே இருமிச் சுருண்டாள். மேனேஜர் அறைக்கு ஓடினேன். "டீசலை வெளிய அனுப்புங்க சார்!"

"பார்த்துக்கறேம்ப்பா, அதுக்கு ஏன் கத்தறே?"

பார்த்துக்கொண்டார். "உடம்பைக் கவனிச்சுக்கம்மா" என்று மறுநாள் அக்காவை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டீசல் உள்ளேயே ஓடியது.

கொஞ்ச நாளில் நானும் விலகினேன். வீரமெல்லாம் இல்லை, வேறு வேலை கிடைத்திருந்தது.

குடோனை இடித்துவிட்டார்கள். அக்காவோடு எப்போதாவது போனில் பேசுவேன். முன்பெல்லாம் இடையில் ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. இப்போது பாதி வாக்கியத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. மீதியை நானே ஊகித்துக்கொண்டு "ஆமாக்கா, ஆமாக்கா" என்கிறேன்.