நோட்டின் ஓரத்தில் எழுதியவை

ஒன்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தி, கத்திக் கத்தித் தொண்டை பாழானதால் வேலையை விட்டவர் அவர். பிறகு கொழுந்தனோடு சேர்ந்து, மாணவர்களுக்காக ஒரு படிப்புச் செயலியை உருவாக்கினார். கணினி வேலை கொழுந்தனுக்கு, பாடம் இவருக்கு. பிள்ளைகள் தங்கள் நோட்டைப் படம் பிடித்து ஏற்றினால் போதும். செயற்கை நுண்ணறிவு அந்தக் கையெழுத்தைப் படித்து, சுருக்கி, தினமும் ஐந்து கேள்வி கேட்கும். பல் மருத்துவமனைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேசை, கீழே யாருடைய பல்லையோ குடைகிற சத்தம். அதுதான் அலுவலகம். அங்கேயும் அவருக்குப் பெயர் டீச்சர்தான்.

தவறான கேள்வி என்று வரும் புகார்களைப் பார்ப்பது டீச்சரின் வேலை. ஒருநாள் ஒரு புகாரைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். 'மஞ்சள் சட்டைக்காரர் எந்த பஸ்ஸில் வருவார்?' என்று செயலி ஒரு பெண்ணைக் கேட்டிருந்தது.

"பாடத்துல மஞ்சச் சட்டை எங்க அண்ணி வந்துச்சு?" என்றான் கொழுந்தன்.

"பாடத்துல இல்லப்பா, ஓரத்துல கிறுக்கி வச்சிருக்கா. உன் மெஷின் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறதையும் சேர்த்து முழுங்கியிருக்கு."

பிள்ளைகளின் அந்தரங்கம் சந்தி சிரிக்கக் கூடாது. அந்த வாரமே, ஓரத்தில் எழுதியதைச் செயலி படிக்காதபடி மாற்றினார்கள். அதிலிருந்து பிறந்த பழைய கேள்விகளையும் நிறுத்தினார்கள். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"என் மக எழுதினதுல இருந்து தினம் ஒரு கேள்வி வரும்மா. இப்ப ஒரு வாரமா பாடக் கேள்வி மட்டுந்தான் வருது."

"போனை உங்க பொண்ணுகிட்ட குடுங்கம்மா, என்னன்னு கேக்கறேன்."

"அவ இல்லம்மா. போயி அஞ்சு மாசம் ஆச்சு."

போனில் இருந்த அந்தத் தையல்காரம்மாவே மேலே சொன்னார். மகள் மருந்தாளுநர் படிப்பில் இரண்டாம் வருஷம். அவள் போன பிறகும் காலை ஏழு மணிக்கு அவளுடைய போன், 'இன்னும் படிக்கலையா?' என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். அந்த வாக்கியத்தை எழுதியவர் டீச்சர்.

"வாயை அடைக்கலாம்னுதான் தொறந்தேன். 'அம்மாவுக்கு எந்த நிற நூல் வாங்க வேண்டும்?'னு கேட்டுச்சு. பச்சைன்னு அழுத்தினேன். சரின்னுச்சு. அப்புறம் ஒரு நாள்கூட விடல."

அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டீச்சர் அந்தக் கணக்கைத் திறந்தார். மருந்துகளின் பெயர்களுக்குப் பக்கத்தில், பக்கம் பக்கமாக அந்தப் பெண்ணின் பொடி எழுத்து. செருப்பு தைக்கணும். தோழிக்குக் குடை திருப்பித் தரணும். அறுபத்து மூன்று வரிகள். நாற்பத்தொன்றாவதில் டீச்சரின் கை நின்றது. 'நெஞ்சு மறுபடி வலிக்குது. பரீட்சை முடியட்டும், அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.'

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "அதை மட்டும் எடுத்துடுங்க அண்ணி. அந்தம்மா தாங்க மாட்டாங்க."

எடுத்துவிட்டார். மீதி அறுபத்திரண்டு வரிகளை அச்செடுத்துக்கொண்டு தையல் கூடத்துக்குப் போனார்.

பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்த மேசையில் அந்த அம்மா தாள்களை விரித்தார். ஊசி குத்திய விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே ஓட்டினார். கடைசித் தாள் வரை போய், மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"ஒண்ணு குறையுதேம்மா."

டீச்சர் தாள்களை அடுக்கப் போனார்.

"நெஞ்சு வலி. அதையும் அது கேட்டுடுச்சு. 'வலியை யாரிடம் சொல்லக் கூடாது?'ன்னு. நாலு பதில் குடுத்துச்சு. டாக்டர், தோழி, அம்மா, டீச்சர். மூணு நாள் போனையே தொடல. நாலாம் நாள் அம்மான்னு அழுத்தினேன்." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "அருமைன்னு சொல்லி, திரை முழுக்கப் பூவைக் கொட்டுச்சு."

அந்தப் பூவும் டீச்சரின் யோசனைதான். பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்குமே என்று, நிறம்கூட அவரே தேர்ந்தெடுத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை அந்த அம்மா கையமர்த்தினார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? அவ என்கிட்ட மறைச்சா, அது என்கிட்ட சொல்லுச்சு. கணக்கை மட்டும் மூடிடாதீங்க. கேள்வி வரட்டும்."

அந்த ஒரு கணக்குக்கு மட்டும் பழைய கேள்விகளைத் திரும்ப விட்டார்கள், நாற்பத்தொன்றாவது உட்பட. மற்றவர்களுக்கு, ஒரு மாதம் யாரும் பதில் சொல்லாவிட்டால் செயலி தானாக வாயை மூடிக்கொள்ளும்படி செய்தார்கள். கொழுந்தன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான். டீச்சரால் முடியவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அந்த நான்கு பதில்கள் வரிசையாக வந்து நிற்கும். கடைசியில் நிற்பது டீச்சர்.

ஒரு மதியம் கொழுந்தனிடம் சொல்லிப் பூவை எடுக்கச் செய்தார். சரியான பதிலுக்கு இப்போது சின்னதாக ஒரு டிக் மட்டும்தான் வரும். பூ எங்கே போச்சு என்று கேட்டு இதுவரை முப்பது பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். ஒருவருக்கும் டீச்சர் பதில் போடவில்லை.